காப்பாரின் புகைபோக்கிகளும் தோட்டத்து இஞ்சின் கொட்டகையும்

கிள்ளானிலிருந்து காப்பார் சாலையில் வடக்கே வருகிறவர்களுக்கு, எண்ணெய் தரும் செம்பனை மரங்களுக்கு மேலே, கடல் பக்கமாக, அந்த உயரமான புகைபோக்கிகள் தெரியும். பலகையில் இருக்கும் முழுப் பெயர் சுல்தான் சலாவுடின் அப்துல் அசீஸ் மின் நிலையம். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் பவர் ஸ்டேசன். 1980களின் நடுவில் ஓடத் தொடங்கி, கட்டம் கட்டமாகப் பெருத்து 2,420 மெகாவாட்டை எட்டியது. எண்ணெய், இயற்கை வாயு, நிலக்கரி என மூன்றையும் எரிக்க வசதியோடு கட்டப்பட்ட நிலையம் இந்த நாட்டில் இது ஒன்றுதான். மலேசியா எந்தக் காலத்தில் எந்த எரிபொருளைக் கண்டு பயந்தது, எதை நம்பியது என்று தெரிந்துகொள்ள வேறு எங்கும் அலைய வேண்டாம். எல்லாம் இந்த ஒரு வேலிக்குள்ளேயே இருக்கிறது.

நான் இஞ்சினியர் இல்லை. செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவரின் மகன், இப்போது இந்த ஊரில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருப்பவன். அதனால் மெகாவாட் கணக்கைவிட, யார் வீட்டுக்கு முதலில் கம்பி போனது என்ற கணக்கில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

மலேசியத் தீபகற்பத்தில் மின்சாரம் முதலில் வந்த இடம் அரண்மனையும் இல்லை, கவர்னர் பங்களாவும் இல்லை, ஈயச் சுரங்கம். 1894இல் ரவாங்கில் தங்கள் சுரங்க வேலைக்கு ஜெனரேட்டர் வைத்தவர்கள் இரண்டு பேர்: லோக் இயூ, கே. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவர், பத்துமலையில் முருகனுக்கு இடம் கண்டவர் என்றுதான் நம்மில் பலருக்குத் தம்புசாமிப் பிள்ளையைத் தெரியும். தைப்பூசத்தன்று அவர் பெயரைச் சொல்கிறோம். இந்த நாட்டின் மின்சாரக் கதை அவர் கூட்டாளியாக இருந்த சுரங்கத்தில் தொடங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு, 1895இல், கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் விளக்கு எரிந்தது. 1900இல் ரவுப் தங்கச் சுரங்கக் கம்பெனி பகாங்கில் செம்பாம் என்ற இடத்தில் ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தது. அதுவும் சுரங்கத்துக்குத்தான்.

பேராக் ஆற்றில் 1930இல் கட்டி முடித்த செண்டரோ அணையும் அப்படியே. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக் கப்பல்கள் என்று சொல்லும் மிதக்கும் இயந்திரங்கள் ஈயத்துக்காக நாள் பூரா மண்ணை வாரிக்கொண்டிருந்தன, அவற்றுக்குத் தீனி வேண்டும். ஒரு தனியார் கம்பெனி அணையைக் கட்டி மின்சாரத்தை விற்றது. சிலாங்கூர் பக்கம் பத்து ஆராங்கில் நிலக்கரி தோண்டினார்கள். அது ரயிலையும் ஓட்டியது, கோலாலம்பூரின் பங்சார் மின் நிலையத்தையும் ஓட்டியது. தோண்டியவர்களில் தமிழர்களும் சீனர்களும் இருந்தார்கள். 1937இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் மலாயா சரித்திரத்தில் பேர் போனது. 1960இல் சுரங்கத்தை மூடினார்கள். இப்போது வேறு நாடுகளிலிருந்து கப்பலில் நிலக்கரி வாங்குகிறோம், நம் மண்ணில் தோண்டிய குழிகள் ஏரியாகிக் கிடக்கின்றன.

அரசாங்கம் களத்தில் முழுசாக இறங்கியது 1949இல், மத்திய மின்சார வாரியம் அமைந்தபோது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது. பெரியவர்கள் மலாய்ப் பெயரைச் சுருக்கி இன்றும் சொல்லும் எல்.எல்.என். அதுதான். 1990இல் தெனாகா நேஷனல். 1953இல் கிள்ளான் ஆற்றங்கரையில் கன்னாட் பிரிட்ஜ் நிலையம், 1963இல் கேமரன் மலையில் நீர்மின் திட்டம், அப்புறம் தெமெங்கோர், கென்யிர் அணைகள் என்று வரிசை நீண்டது. இதையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்துவிடலாம். புத்தகத்தில் வராத பகுதிக்கு வருகிறேன்.

மின் நிலையங்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் தேசியக் கம்பிவடத்தின் பெரிய டவர்கள் ஊரிலிருந்து ஊருக்குப் போகும்போது பாதி வழி தோட்டத்துக்குள்தான் போகின்றன. அந்த டவர்களுக்குக் கீழே மரம் வளர விடமாட்டார்கள். ரென்டிஸ் என்று சொல்லும் அந்த வெட்டவெளியில் எங்கள் தோட்டத்து ஆட்கள் மாடு மேய்த்தார்கள், மரவள்ளி நட்டார்கள். மழைக்காலத்தில் கம்பி உஸ்ஸென்று இரையும். தலைக்கு மேல் கோலாலம்பூருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். கீழே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி கிள்ளிக்கொண்டிருப்பார்கள்.

காரணம் எளிது. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டங்கள் வந்தன. 1970களிலும் 80களிலும் கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமங்களில் கம்பிக்கால் நட்டுக்கொண்டே போனார்கள். நல்ல காரியம். ஆனால் தோட்டம் தனியார் நிலம். வேலியைத் தாண்டினால் கம்பெனிச் சொத்து. கிராம மேம்பாட்டுக் கணக்கில் அது கிராமம் ஆகாது, நகராட்சிக் கணக்கில் நகரமும் ஆகாது. ஆகவே தோட்டத்துக்கு விளக்கு வேண்டுமென்றால் நிர்வாகம் மனசு வைக்க வேண்டும். நிர்வாகம் ஒரு டீசல் இஞ்சினை வாங்கி வைத்தது.

என் சித்தி இருந்தது பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர். அங்கே இஞ்சின் கொட்டகை என்று ஒரு தகரக் கூரை. பொழுது சாயும்போது இஞ்சின் டிரைவர் வந்து முடுக்குவார். டக்-டக்-டக் என்று லயம் முழுக்கச் சத்தம். வீட்டுக்கு ஒரு பல்பு, வசதியான வீட்டில் இரண்டு. இஸ்திரிப்பெட்டி போடக் கூடாது, போட்டால் அடுத்த வீட்டு பல்பு மங்கிப்போய் சண்டை வரும். பத்து மணி வாக்கில் விளக்கு ஒருமுறை மங்கி, பிறகு பழையபடி எரியும். நிறுத்தப் போகிறேன், பாய் போடுங்கள் என்பதற்கு அதுதான் சைகை. நிர்வாகியின் பங்களாவுக்குத் தனி லைன். அது விடியும்வரை எரியும்.

டிவி வந்த பிறகு கார் பேட்டரி வந்தது. காப்பார் டவுனில் சைக்கிள் கடையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் தருவார்கள். சைக்கிள் பின்னால் கட்டி எடுத்துப் போய்க் கொடுத்து, மறுநாள் போய் எடுத்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் படத்தின் கிளைமாக்ஸில் திரை சுருங்கிச் சுருங்கி ஒரு கோடாகிவிடும். கதாநாயகன் என்ன ஆனான் என்று திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேறு யாராவது சொன்னால்தான் உண்டு.

தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் வந்தது. குடியிருப்புக்குப் போதிய தண்ணீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. 1894க்கும் 1990க்கும் இடையில் எத்தனை ஆண்டு என்று கழித்துப் பாருங்கள். சட்டம் வந்த கையோடு தோட்டங்களைத் துண்டாடி வீட்டு மனையாக விற்கவும் ஆரம்பித்தார்கள். பல பேருக்கு நாள் முழுவதும் எரியும் மின்சாரம் கிடைத்தது தோட்டத்தைவிட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன பிறகுதான்.

நான் வளர்ந்த தோட்டத்தின் கதை கொஞ்சம் மாறுபட்டது. அங்கே ஆலை இருந்தது. ஆலை இருக்கும் தோட்டத்தில் மின்சாரத்துக்குப் பஞ்சம் இல்லை, ஏனென்றால் செம்பனை ஆலையே ஒரு குட்டி மின் நிலையம்தான்.

அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். லாரியில் வரும் பழக்குலைகளைக் கூண்டு வண்டிகளில் ஏற்றி, நீண்ட உருளைக்குள் தள்ளி நீராவியில் வேகவைப்பார்கள். வெந்த குலையை உதிர்த்து, பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவது நாரும் கொட்டையும். காற்றை ஊதி நாரை மட்டும் பிரித்தெடுத்து பாய்லருக்கு அனுப்புவார்கள். கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்துக்கொண்டு, ஓட்டையும் அதே பாய்லருக்கு. அந்த நெருப்பில் கிளம்பும் நீராவி முதலில் டர்பைனைச் சுற்றும், மின்சாரம் வரும். டர்பைனைவிட்டு வெளியே வரும்போதும் அதில் சூடும் அழுத்தமும் மிச்சம் இருக்கும். அதே நீராவிதான் அடுத்த தவணைப் பழத்தை வேகவைக்கும். பழம் தன்னைத் தானே சமைத்துக்கொள்கிறது. ஒரு டன் குலையை அரைக்க 17லிருந்து 20 யூனிட் மின்சாரம் போதும். மணிக்கு 45 டன் ஓட்டும் ஆலைக்கு ஒரு மெகாவாட்கூட வேண்டியதில்லை. நாரும் ஓடும் அதற்கு மேலேயே மிஞ்சும்.

அப்பா பாய்லர்மேன். லைசன்ஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொட முடியாது. அடுப்பின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே அழுத்தமானி எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது கேட்டேன், எல்லாமே எரிகிற குப்பைதானே, அள்ளிப் போட்டால் என்ன என்று. "நார மட்டும் போட்டா பொசுபொசுன்னு போயிரும்டா. ஓட்ட மட்டும் போட்டா கட்டி புடிச்சிக்கும், அப்புறம் யாரு ஒடைக்கிறது? ரெண்டையும் பாத்து கலந்து போடணும்" என்றார். கட்டி என்றது அடுப்புக் கம்பிகளில் உருகி ஒட்டிக்கொள்ளும் கசடை. நீண்ட இரும்புக் கம்பியால் அதை இடித்து வாரும்போது அவர் முகம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். கசடு வெளியே வந்து விழும்போது கண்ணாடி மாதிரி மினுங்கும், தொட்டால் கையைக் கிழிக்கும். நார் அதிகம் என்றால் மின்சாரம் தடுமாறும், ஓடு அதிகம் என்றால் கரும்புகை கிளம்பும், சுற்றுச்சூழல் இலாகாக்காரர் வந்து நிற்பார். அப்பாவின் கையளவில்தான் எங்கள் லயத்து விளக்கின் வெளிச்சம் இருந்தது.

பழம் குறைந்த மாதங்களில் ஆலை ஓடாத நாளில் டீசல் இஞ்சின். அன்றைக்கு எங்கள் லயமும் சித்தி வீட்டு லயம் மாதிரி ஆகிவிடும்.

1992 செப்டம்பர் 29 நினைவிருக்கும் பலருக்கு. மின்னல் தாக்கி, கம்பிவடம் விழுந்து, தீபகற்பம் முழுக்க இருட்டு. சில இடங்களில் இரண்டு நாள்வரை. நான்கு ஆண்டு கழித்து 1996 ஆகஸ்ட் 3, ஒரு சனிக்கிழமை மாலை, திரங்கானுவில் பாக்கா நிலையத்தின் பக்கம் ஒரு கம்பித் தடம் துண்டிக்கப்பட்டு, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எல்லா நிலையங்களும் விழுந்தன. அந்த இரண்டு தடவையும் கிள்ளான் இருண்டு கிடக்க, எங்கள் லயத்தில் பல்பு எரிந்தது. டவுனில் இருந்த உறவுக்காரர்கள் ஐஸ்பெட்டியில் இருந்த கறியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தோட்டத்தில் இருப்பதைப் பெருமையாக நினைத்த நாட்கள் அவை. வேறு அதிக நாள் நினைவில்லை.

1992 இருட்டுக்குப் பிறகுதான் தனியார் மின் உற்பத்தியாளர்கள் வந்தார்கள். முதல் உரிமம் ஒய்டிஎல் நிறுவனத்துக்கு; பாக்காவிலும் பாசிர் கூடாங்கிலும் வாயு நிலையம் கட்டியது. ஒப்பந்தம் எப்படி என்றால், மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தெனாகா பணம் கட்ட வேண்டும். அப்போது தெனாகாவின் தலைவராக இருந்த அனி அரோப் அந்த விலைகளை ஏற்கவில்லை. 1996இல் அவர் பதவியைவிட்டுப் போனார். வேகமாக நிலையம் வேண்டும் என்ற அவசரத்தில் கொடுத்த சலுகை அது. அவசரம் நியாயம்தான், சலுகை அளவுக்கு மீறியது என்பது என் எண்ணம். அந்தப் பணம் கடைசியில் வந்து உட்கார்ந்த இடம் நம் பில்.

இப்போது மறுபடி காப்பார் வேலிக்குள் போவோம். 1980இல் இந்த நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி எண்ணெயிலிருந்து வந்தது. 1973லும் 1979லும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியதைப் பார்த்த அரசாங்கம், 1981இல் நான்கு எரிபொருள் கொள்கையைக் கொண்டுவந்தது: எண்ணெய், வாயு, நீர், நிலக்கரி. எந்த ஒன்றையும் முழுக்க நம்பக் கூடாது. காப்பார் நிலையம் அந்தக் கொள்கைக்கு எழுப்பிய கட்டடம் என்றே சொல்லலாம். முதல் கட்டம் எண்ணெயும் வாயுவும். அப்புறம் நிலக்கரிக்கு ஏற்ற பாய்லர்கள். கடலுக்குள் ஒரு இறங்குதுறை, அங்கிருந்து கரைக்கு நிலக்கரியைச் சுமந்து வரும் பெல்ட்.

ஆனால் பேப்பரில் நான்கு எரிபொருள் என்று எழுதிவிட்டு நடைமுறையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினோம். திரங்கானு கடலில் கிடைத்த வாயுவைக் கெர்த்தேயிலிருந்து குழாய் போட்டு மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மலிவு, சுத்தம், நம்முடையது. 2000ஆம் ஆண்டு வாக்கில் தீபகற்பத்து மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாயு. அப்புறம் அந்தப் பயம்: வாயுவும் ஒருநாள் தீருமே, ஏற்றுமதி செய்தால் கூடுதல் காசு கிடைக்குமே. உடனே நிலக்கரி. 2003இல் மஞ்சோங்கில் 700 மெகாவாட்டாக மூன்று, பிறகு ஆயிரம் ஆயிரமாக இரண்டு. ஜொகூரில் தஞ்சோங் பின், நெகிரி செம்பிலானில் ஜிமா. 2011இல் வாயு தட்டுப்பாடு வந்தபோது விலை கூடிய எண்ணெயை எரிக்க வேண்டிவந்தது. நிலக்கரிக்காரர்கள் "பார்த்தீர்களா" என்றார்கள். இன்று தீபகற்பத்தின் மின்சாரத்தில் பாதிக்குமேல் நிலக்கரி. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது, ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. ஆயிரம் மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் ஏறக்குறைய பத்தாயிரம் டன் நிலக்கரி காணாமல் போகும்.

எரித்தபின் சாம்பல். காப்பாரில் கடலோரமாகச் சாம்பல் குளங்கள் உண்டு. அதில் ஒரு வேடிக்கை. கடல் ஏற்றத்தில் சேற்றுத்திட்டெல்லாம் மூழ்கும்போது, சைபீரியாவிலிருந்து வரும் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் அந்தக் குளங்களில்தான் வந்து ஒதுங்கும். உலகத்திலேயே அரிதாகிவிட்ட நார்ட்மன் பச்சைக்கால் உள்ளான்கூட அங்கே பதிவாகியிருக்கிறது. அதைப் பார்க்கப் பெரிய குழாய்க் கேமராவோடு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அலையாத்திக் காட்டை அழித்தோம், சேற்றுத்திட்டைக் குறைத்தோம், கடைசியில் சாம்பல் கொட்டிய இடம் பறவைக்குப் புகலிடம் ஆகிவிட்டது. தொக் மூடா கடற்கரையில் தூண்டில் போடும் ஆட்களுக்கு அந்தப் பறவைகள் மேல் எந்த மதிப்பும் கிடையாது, அது வேறு கதை.

இனிமேல் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. 2035க்குள் நிலக்கரியைப் பாதியாக்கி, 2044க்குள் முழுவதும் விடுவதாகக் கணக்கு. 2023இல் வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டம், 2050இல் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்கிறது. காப்பாரிடமிருந்து தெனாகா மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் 2029இல் முடிகிறது.

சரி, அடுத்தது என்ன? அணை என்றால் சரவாக்கில் பாக்குன் இருக்கிறது, 2,400 மெகாவாட், 2011இல் ஓட ஆரம்பித்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பழங்குடி மக்களை இடம்பெயர்த்து, சிங்கப்பூர் அளவுக்கு நிலத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்த மின்சாரம். கடலடியில் கேபிள் போட்டு தீபகற்பத்துக்குக் கொண்டுவரும் யோசனை நடக்கவில்லை. அது சரவாக்கிலேயே இருக்கிறது, அலுமினிய ஆலைகளுக்குப் போகிறது. காப்பாருக்கும் பாக்குனுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது.

செம்பனை ஆலைக் கழிவுநீரில் மின்சாரம் எடுப்பது எனக்குப் பிடித்த வழி. குளம் குளமாக நாறிக்கொண்டு கிடக்கும் அந்தக் கழிவுநீரில் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு கிளம்பும், பாதிக்குமேல் மீத்தேன். மேலே மூடி போட்டுப் பிடித்தால் இஞ்சின் ஓட்டலாம். பிடிக்காவிட்டால் காற்றில் கலந்து கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கெடுதல் செய்யும். 2011இல் வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இந்த மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தது. ஆனால் ஆலைகள் இருப்பது காட்டுக்குள். தெனாகாவின் கம்பிவடம் வரைக்கும் லைன் இழுக்கும் செலவு ஆலைக்காரர் தலையில். கணக்குப் பார்த்துவிட்டுப் பல பேர் வாயுவைப் பிடித்து, மின்சாரம் எடுக்காமல், குழாய் முனையில் வைத்து எரித்துவிடுகிறார்கள். தோட்டத்துக்குள் கம்பி வராத அதே பழைய கதை, இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து.

ஆக எல்லார் வாயிலும் சூரிய சக்தி. அதற்கும் ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் மேகமூட்டத்தில் ஒரு சூரியப் பண்ணை அதன் பலகையில் எழுதியிருக்கும் முழுத் திறனில் ஆண்டு சராசரியாக ஆறில் ஒரு பங்குதான் தரும். நிலக்கரி நிலையம் ஐந்தில் நான்கு பங்கு தரும். ஆயிரம் மெகாவாட் நிலக்கரிக்குப் பதிலாக ஐயாயிரம் மெகாவாட் சூரியத் தகடு வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் என்றால் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல். பெரிய பெரிய தோட்டங்கள் பலவற்றைச் சேர்த்தால்தான் அவ்வளவு நிலம். ராத்திரிக்கு பேட்டரி தனி. முடியாத காரியம் இல்லை, ஆனால் தகடு எங்கே போகும் என்று கேட்டால் பதில் தோட்டம்தான். மரத்தைச் சாய்த்து, மண்ணைச் சமன் செய்து, வேலி போட்டு. காயும் பழுக்காது, கூலியாளும் வேண்டாம், புல் வெட்ட நாலு பேர் போதும்.

கூரைமேல் போடலாமே என்பார்கள். என் மைத்துனர் இரட்டை மாடி வரிசை வீட்டில் இருக்கிறார், மாதம் 250 யூனிட் வாக்கில் ஓடும். 2025 ஜூன்வரை இருந்த பழைய விலையில் முதல் 200 யூனிட் 21.8 காசு, அடுத்த நூறு 33.4 காசு. அவருடைய பில் 60 வெள்ளி (ரிங்கிட்) 30 காசு. தகடு போட 15,000 வெள்ளிக்குக் குறைவாக யாரும் சொல்லவில்லை. பில் முழுசாகத் தீர்ந்தாலும் போட்ட காசு திரும்ப இருபது ஆண்டு ஆகும். அதே தகட்டை மாதம் 1,200 யூனிட் ஓட்டும் பங்களாக்காரர் போட்டால், அவர் மிச்சம் பிடிப்பது யூனிட்டுக்கு 55 காசுக்கு மேலே உள்ள அடுக்கில். ஆறேழு ஆண்டில் முதல் திரும்பிவிடும். 2025 ஜூலையில் விலைப்பட்டியலை மாற்றி உற்பத்தி, கொள்ளளவு, கம்பி என்று தனித்தனியாகப் பிரித்தார்கள், குறைவாகப் பயன்படுத்துவோருக்குத் தள்ளுபடியும் வைத்தார்கள். ஏழைக்கு பில் ஏறாமல் பார்த்துக்கொண்டது நல்லதுதான். ஆனால் தகட்டின் லாபம் பெரிய கூரைக்கே என்ற கணக்கு மாறவில்லை. அடுக்குமாடியில் இருக்கும் என் சித்திக்குக் கூரையே கிடையாது. ஐந்தாவது மாடியில் அவர் வீட்டுக்கு மேலே இருப்பது எல்லாருக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டி.

2024இல் தீபகற்பத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இனி அதைத் தள்ளிக்கொண்டு போகப் போவது வீடுகள் இல்லை, ஜொகூரின் டேட்டா சென்டர்கள். கூலாயில் கூலாய் யங் எஸ்டேட் என்று ஒரு செம்பனைத் தோட்டம் இருந்தது, 1,600 ஏக்கருக்கு மேல். அதை வாங்கி, 500 மெகாவாட் டேட்டா சென்டர் வளாகமும் அதோடு சூரியப் பண்ணையும் திட்டமிட்டிருப்பது அதே ஒய்டிஎல், பாக்காவில் முதல் தனியார் நிலையம் கட்டியவர்கள். 500 மெகாவாட் என்றால் காப்பாரின் பெரிய நிலக்கரி யூனிட் ஒன்று. முதலில் சுரங்கம், அப்புறம் ஆலையும் நகரமும், அப்புறம் கம்பம், கடைசியாக லயம் என்று வந்த வரிசையில் இப்போது முன்னால் வந்து நிற்பவர் கம்ப்யூட்டர். அவருக்கு லைன் இழுக்க யாரும் நூறு ஆண்டு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மைத்துனர் மகன் காப்பார் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். யூனிட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலத்தில் பாய்லருக்குள் சாரம் கட்டுவது, பழைய காப்புப் பஞ்சைப் பிரிப்பது. அவன் தாத்தாவும் நெருப்புக்கு முன்னால்தான் நின்றார், இவன் அணைந்த அடுப்புக்குள் ஏறுகிறான். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது கேட்டேன், 2029க்கு மேல் என்னடா செய்யப்போகிறீர்கள் என்று.

"மஞ்சோங்ல ஆள் கேக்குறாங்க மாமா. ஆனா எங்க கேங்க்ல பாதிப் பேர் ஏற்கெனவே ஜொகூர் போயாச்சு. டேட்டா சென்டர்ல கேபிள் இழுக்குற வேலை. நாள் சம்பளம் இங்கவிட கூட, ரூம் அவங்களே தர்றாங்க."

"நீயும் போறியா?"

"ஜனவரியில போறேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல."